அறுக்குளா என்றவனைக் குறித்துத் துறைக்காவலருக்கு விடுத்த ஓலை

வெண்கரை நாட்டுத் துறைகள் யாவும் கலம் நிறைந்து பொலிக. அரசியார் நல்லினியாரின் குடைநிழல் நீள்க. முத்தாழித் துறையின் காவல் பூண்ட எயினன் ஆதனாருக்கு, அமைச்சன் பொறையன் காரி நலம் வினவி எழுதுவது.

தாங்கள் விலங்கிட்டு அனுப்பிய பரதவன் கோடன் நான்கு நாள் முன்னர் இங்கு வந்து சேர்ந்தான். நாம் வஞ்சிரம் என வழங்கும் பெருமீனை அவன் அறுக்குளா என்று அழைத்தான் என்றும், அது பகைத்தீவினர் வழங்கும் பெயராதலின் அவன் ஒற்றனே என்றும், உடன்வந்த பிட்டன் அவையில் உரைத்தான். பிட்டன் பன்னிரண்டாண்டு நம் துறையில் வலை இழுத்தவன் எனத் தாங்கள் எழுதிய சான்றும் கண்டேன்.

கோடனை வினவினேன். தன் தாய் அத்தீவில் பிறந்தவள் என்றும், அவளிடம் கேட்ட பெயரே தன் வாயிலும் வந்தது என்றும், தென்முனையார் அதனையே நெய்மீன் என்பர் என்றும், பெயர் எதுவாயினும் நீண்ட வெள்ளி உடலும் குறுக்கே மெல்லிய வரிகளும் தூண்டிற்கயிற்றை அறுக்கும் பல்லும் உடைய மீன் ஒன்றே என்றும் நடுக்கமின்றிச் சொன்னான். அவனை நம்பவும் எனக்கு மனம் துணியவில்லை, தள்ளவும் துணியவில்லை.

ஆகவே மடைப்பள்ளியில் ஆளுக்கொரு வஞ்சிரம் வைத்து, கறிக்கு அரிந்து தருமாறு இருவரையும் பணித்தேன். கோடன் தலையைக் கொய்து, குடல் நீக்கி, வட்டத் துண்டங்களாக அரிந்து முடித்தான். பிட்டனோ கத்தியின் முதுகால் செதிள் சுரண்டத் தொடங்கினான். நெடுநேரம் சுரண்டினான். சுரண்டுமளவு செதிள் அம்மீனுக்கு இல்லை என்பதை வலை இழுத்தோர் எவரும் அறிவர். இல்லாததை ஏன் தேடுகிறாய் என்று கோடன் அவனை அமைதியாகக் கேட்டான். பிட்டன் கை தன் தலைப்பாகையைப் பற்றியது. அதனை அவிழ்க்கச் செய்தேன். பகைக்கலம் புகாது தடுக்கும் நம் துறைவாயிற் சங்கிலி தாழ்த்தப்படும் வேளைகள் குறித்த ஓலைநறுக்கு விழுந்தது.

அவ்வேளைகளை முன்னரே அறிந்தவர் இந்நாட்டில் இருவர். ஒருவர் அரசியார். மற்றவருக்கே இவ்வோலையை எழுதுகிறேன்.

கோடனை நான்கு நாள் விலங்கில் வைத்தமைக்கு நாணுகிறேன். அவன் இவ்வோலையோடு வருகிறான்; நூறு வாள்வீரரும் உடன் வருகின்றனர். படித்த அக்கணமே அவனுடைய படகையும் வலையையும் அவனிடம் ஒப்படைத்து, சங்கிலித் திறவுகோலை வீரர்தலைவனிடம் தந்து, தாங்கள் வாளின்றித் தலைநகர் புறப்படுக. இது அரசியார் ஆணை. சங்கு இலச்சினை பொறித்தேன்.

பிட்டன் இன்னும் வாய் திறக்கவில்லை. அவன் திறக்குமுன் தாங்கள் பேசுவது நலம்.