கை தவறி எடுத்த அழைப்பு

அக்கா,

நேற்று தென்காசி ரோட்டுக் கடையில் புதுப் போன் வாங்கினேன். பழைய போனில் இருந்த எண்களை மாற்றிக்கொண்டிருந்த பெண், "ஜெபம்னு போட்டிருக்கே, ஆளு பேரு இல்லையே, அழிச்சிரவாம்மா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று நான் சொன்ன வேகத்தில் பாவம், பயந்தே போனாள். உங்கள் எண்தான் அது. எதற்காக அந்த எண் என்னிடம் வந்ததோ, அதையே பெயராகப் போட்டு வைத்திருந்தேன்.

நாம் பழகியதே ஒரு சண்டையில்தான். வீட்டுக்காரர் இறந்த பிறகு, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வந்தால் கடைசி பெஞ்சில் உட்காருவேன். போதகர் ஆசீர்வாதம் கூறக் கை தூக்குவதற்குள் நழுவிவிடுவேன். நின்றால் நாலு பேர் வந்து, வீட்டில் துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். பிள்ளை குட்டி இல்லாதவள் என்ன பதில் சொல்ல? ஒரு நாள் வாசலில் தையல் பையும் கையுமாக வழியை மறித்து நின்றீர்கள். "ஏட்டி, ஆசீர்வாதம் வாங்காம எங்க ஓடுத?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆளில்லாத வீட்டுக்கு ஆசீர்வாதத்தைக் கொண்டுபோய் என்ன செய்ய என்று வெடுக்கென்று கேட்டேன். நீங்கள் தையல் பையைக் கீழே வைத்தீர்கள். என் போன் நம்பரைக் கேட்டீர்கள்.

மறுநாளிலிருந்து காலை ஐந்து மணிக்கு உங்கள் மிஸ்டு கால் வர ஆரம்பித்தது. "நீ எடுக்காத. மணி அடிச்சா நான் முழங்கால்ல நிக்கேன்னு அர்த்தம். நீயும் நில்லு" என்று சொல்லியிருந்தீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்து வாடகை வீட்டில் நீங்கள், சபை இருந்த ராஜபாளையத்தில் நான். முதலில் எனக்கு ஜெபமே வரவில்லை. முழங்காலில் நின்றுகொண்டு, மாவு புளித்திருக்குமா, மில் பஸ் நேரத்துக்கு வருமா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். ஆனாலும் வேலை முடிந்து வந்து பூட்டைத் திறக்கிற போது நெஞ்சில் விழுகிற கனம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. காலையிலேயே ஒருவரிடம் பேசிவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறோம் என்ற நினைப்பு கூடவே இருந்தது.

இனி சொல்லப்போவதை உங்களிடம் முகத்துக்கு நேராகச் சொல்லத் தைரியம் இல்லாமல் போயிற்று, அக்கா.

ஒரு சனிக்கிழமை தூக்கக் கலக்கத்தில் அலாரத்தை நிறுத்துவதாக நினைத்து உங்கள் அழைப்பை எடுத்துவிட்டேன். நீங்கள் வழக்கம்போல, மணி தானாக நிற்கட்டும் என்று போனைப் பாயில் வைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. போனுக்குள் உங்கள் வீட்டுப் பக்கத்து வைத்தியநாத சுவாமி கோயில் மணி கேட்டது. அப்புறம் உங்கள் குரல். "அப்பா, மக குவைத்துக்குப் போயி நாலு வருசமாச்சு. இந்த வீட்டுல தையல் மிஷின் சத்தத்த விட்டா வேற சத்தம் இல்ல. இன்னைக்கு ஒரு ஆள அனுப்புங்கப்பா. செத்த நேரம் இருந்துட்டுப் போனாப் போதும்."

சபையிலேயே பெரிய சிரிப்பு உங்களுடையது. எனக்காகத்தான் கூப்பிடுகிறீர்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அழைப்பைத் துண்டித்தேன். அன்று எனக்கு வார லீவு. சாளை மீன் வாங்கிக் குழம்பு வைத்து, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டீர்கள். "காலையிலதான் கேட்டேன்ட்டி. அதுக்குள்ள அனுப்பிட்டாரே" என்று அழுதீர்கள். ஒட்டுக்கேட்டுத்தான் வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்தபின் முடியவில்லை. அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் வந்தேன். நீங்கள் தைப்பீர்கள், நான் கொக்கி வைப்பேன். சொல்லாமலே வருடங்கள் ஓடின. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும், போனில் மகளிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தீர்கள்: "நான் ஒரு ஆள கேட்டேன், கர்த்தர் இவள அனுப்பினாரு." நான் கட்டில் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உங்களை ஏமாற்றிவிட்டேனோ என்று ரொம்ப நாள் மருகினேன். இப்போது வேறு மாதிரியும் தோன்றுகிறது. அந்தக் காலையில் உங்களுக்குத் தெரியாமல் ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் இல்லை என்று நினைத்து நீங்கள் பேசிய ஒரு வார்த்தைகூட வீணாகவில்லை. நான் பேசுவதும் அப்படி வீணாகாது என்று நம்பி முழங்காலில் நிற்கிறேன். நீங்கள் இல்லாத குறை அதனால் தீரவில்லை. சனிக்கிழமை வந்தால் இன்னும் கை தூக்குவாளியைத் தேடுகிறது.

இன்று காலை ஐந்து மணிக்குப் புதுப் போனில் உங்கள் எண்ணை அழுத்தினேன். அப்படி ஒரு எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. போனைப் பாயில் வைத்துவிட்டு முழங்காலில் நின்றேன். "அன்னைக்கு நான் ஒட்டுக்கேட்டத அக்காகிட்ட நீங்களே சொல்லிருங்கப்பா" என்றேன். "இப்பம் இந்த வீட்டுலயும் சத்தம் இல்லைன்னு சொல்லிருங்க."

இன்று வெள்ளிக்கிழமை, அக்கா. உபவாச ஜெபத்துக்குப் போகிறேன். ஆசீர்வாதம் முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பேன்.