மோட்டார் கம்பெனியில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? வீடியோவில் பேசலாம் என்றால் உன் விடுதியில் சிக்னல் இழுக்கிறது. சைகையில் பேசும் உன் கை பாதி வார்த்தையில் அப்படியே நின்றுவிடுகிறது. கோபமா, அழுகையா என்று புரியாமல் நாங்கள் இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அதனால்தான் கடிதம்.

"என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்கப்பா" என்று நீ அனுப்பியிருந்ததைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பஸ் டிப்போவில் லீவு சொல்லிவிட்டேன். அம்மா ஒருபடி மேலே போய் உன் கட்டிலுக்கு விரிப்பே மாற்றிவிட்டாள். உனக்கு வேலை வாங்கிக் கொடுத்த பயிற்சி நிலைய டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று போனேன்.

அவர் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "சர்டிபிகேட் குடுத்ததோட என் வேலை முடிஞ்சிடலைங்க. நானே போய்ப் பார்க்கிறேன், அதுவரைக்கும் பொறுங்க" என்றார். பொறுத்தேன்.

அன்று அவர் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரே, அங்கே வாயால் பேசியதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்காது. சூப்பர்வைசர் உன்னைத் திமிர் பிடித்தவள் என்றே நினைத்திருக்கிறார். கத்தினால் கொஞ்சமாவது கேட்கும் என்று அவருக்கு நினைப்பு. முதுகுக்குப் பின்னால் நின்று கத்துவாராம், நீ பாட்டுக்கு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருப்பாயாம். டீச்சர் எடுத்துச் சொன்னதும் மனுஷருக்கு முகம் சுண்டிவிட்டதாம். இனி மேஜையைத் தட்டிக் கூப்பிடுகிறேன், சொல்ல வேண்டியதைப் போர்டில் எழுதுகிறேன் என்றாராம்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் சிரித்து முடித்த பிறகுதான் நீ சிரிப்பதாக எழுதியிருந்தாயே, அதையும் டீச்சர் உன்கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லியிருக்கிறார். பக்கத்து மேஜைப் பெண் அழுதே விட்டாளாம். "எப்படிப் பேசுறதுன்னு தெரியாமத்தான் டீச்சர் ஒதுங்கி இருந்தோம்" என்றாளாம். உன்னிடமே சைகை கற்றுக்கொள்ளப் போகிறார்களாம். வந்து கேட்டார்களா?

இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. உன்னைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரியே அம்மா இன்னும் லைட்டை அணைத்து அணைத்துப் போட்டுத்தான் என்னைக் கூப்பிடுகிறாள். எனக்குக் காது கேட்கும் என்று ஞாபகப்படுத்த மனம் வரவில்லை. நானும் கையாட்டிவிட்டு எழுந்து போகிறேன்.

நீ ஒரு சொல் அனுப்பினால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். அதில் உனக்குச் சந்தேகமே வேண்டாம். ஆனாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒன்று சொல்கிறேன். எத்தனை கம்பெனி வாசலோடு நம்மைத் திருப்பி அனுப்பியது! அதையெல்லாம் தாண்டி உள்ளே போனவள் நீ. இன்னும் கொஞ்ச நாள் இருந்து பார் கண்ணு. அப்புறம் கட்டாயம் வா. வேலையை விட்டுவிட்டு வராதே, லீவு சொல்லிவிட்டு வா. எந்த பஸ் என்று மட்டும் எழுது, அம்மாவும் நானும் ஸ்டாண்டிலேயே நிற்போம்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்
அப்பா