அளவுக்கு நிற்கும் ஆள்

மச்சான்,

இன்று காலை மஞ்சக்குப்பம் ஆபீசைத் திறந்து, விளக்கைப் போட்டு, உன் லேப்டாப் முன்னால் உட்கார்ந்ததும் திரையின் ஓரத்தில் ஒரு செய்தி வந்தது. உன் பெயரைப் போட்டு, பக்கத்தில் மவுஸ் என்றும் போட்டு, சார்ஜ் தீரப்போகிறது என்றது. வந்த புதிதில் அதற்கு உன் பெயரைத்தான் வைத்தாய். மாற்றுவது பெரிய வேலை இல்லை. செய்யவில்லை, அவ்வளவுதான்.

எடுத்து மல்லாக்கப் போட்டு ஒயரைச் செருகினேன். இந்த மவுஸைச் செய்த புண்ணியவான் சார்ஜ் போடும் ஓட்டையை அடிவயிற்றில் வைத்திருக்கிறான். ஏறி முடிகிற வரைக்கும் கரப்பான்பூச்சி மாதிரி மல்லாந்து கிடக்கும், வேலை ஓடாது. "அதுக்கும் ரெஸ்ட் வேணாமாடா" என்று சொல்லிவிட்டு நீ டீக்கடைக்கு இறங்கிவிடுவாய். நான் இறங்கவில்லை. அது ஏறுகிற வரைக்கும் உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பரங்கிப்பேட்டை பாய் வீடு ஞாபகம் இருக்கிறதா? மனுஷன் சிங்கப்பூரில் இருந்தபடியே நாம் அனுப்பின த்ரீடி படத்தை போனில் சுற்றிச் சுற்றிப் பார்த்து, மாடிப்படியை இடம் மாற்றச் சொல்லி நம் உயிரை எடுத்தார். வீடு முடிந்து நோன்புப் பெருநாளுக்கு ஊர் வந்தவர் இதைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். வழவழவென்று வெள்ளையாக, பொத்தான் இல்லை, நடுவில் சக்கரம் இல்லை. மேலே விரல் பட்டாலே வேலை செய்யும். "ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானா பாய்?" என்று கேட்டேன். "ஒரு ஆபீஸுக்கு ரெண்டு எதுக்கு தம்பி" என்று சிரித்தார். நீ அதற்குள் அதன் மேல் கையை வைத்துவிட்டாய்.

எனக்கு அது ஒத்துவரவில்லை. ஒரு விரலைத் தடவினால் வீடு கிட்டே வரும், தள்ளிப் போகும். இரண்டு விரல் என்றால் சுற்றும். உனக்கு அது பூ மாதிரி சுற்றியது. எனக்குச் சுகர் வந்த பிறகு விரல் நுனியில் உணர்வு குறைந்துகொண்டே வந்தது, நரம்பு அப்படித்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தொடுகிறேனா இல்லையா என்று எனக்கே தெரியாது. யோசனையில் விரலை அதன் மேலேயே வைத்திருப்பேன். திரையில் வீடு ஓடும். நீ பக்கத்து நாற்காலியில் இருந்து எட்டிப் பார்த்து, "மச்சான், வூடு பாண்டிச்சேரி தாண்டிப் போச்சு, புடி" என்பாய். நான் எரிச்சலில் என் பழைய ஒயர் மவுஸுக்கே திரும்பிவிட்டேன். சக்கரத்தை உருட்டினால் கறுக்கு கறுக்கு என்று சத்தமாவது கேட்கும்.

வீட்டை வரைவதில் நீயும் நானும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆட்களை நிறுத்துவதில்தான் நீ ராஜா. நம் சாஃப்ட்வேரில் புதுக் கோப்பைத் திறந்தால் மூலையில் தானாகவே ஓர் ஆள் நிற்பான். வீடு எவ்வளவு உயரம் என்று கண்ணுக்குப் புரிவதற்காக, அளவுக்கு நிறுத்திய ஆள். கால்சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரன். "திட்டக்குடி வூட்டு வாசல்ல இவன் எதுக்குடா நிக்கிறான், வழி தெரியாம வந்துட்டானா" என்று அவனை முதல் வேலையாக அழித்துவிடுவாய். அப்புறம் வீட்டுக்காரர்களையே நம் ஆபீஸ் சுவரோரம் நிற்கவைத்து போட்டோ எடுத்து, பின்னணியை வெட்டி எறிந்து, அவர்கள் வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்துவாய். திட்டக்குடிக்காரர் தோளில் துண்டோடு போர்ட்டிகோவில் நின்றார். அவர் சம்சாரம் தன்னைத் தன் சமையல்கட்டில் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, என்னய இன்னும் கொஞ்சம் செவப்பா போடக் கூடாதா" என்று கேட்டார். வீடு பிடித்திருக்கிறதா என்று நாம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

அந்த ஆட்களுக்கு நீ ஒரு வேலை செய்துவைப்பாய். எல்லாம் தட்டையான படம்தானே, பக்கவாட்டில் பார்த்தால் காகிதம் மாதிரி தெரியும். அதனால் யார் எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் அந்த ஆள் பார்க்கிறவர் பக்கமே திரும்பி நிற்கிற மாதிரி அமைத்துவிடுவாய். வீட்டைச் சுற்று, அவரும் சுற்றுவார். முதுகு என்பதே கிடையாது.

நீ போனதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கடலூரில் சாயங்காலம் வழக்கமான பஸ்ஸில் ஏறினாய். சிதம்பரத்தில் எல்லாரும் இறங்கினார்கள். நீ ஜன்னலில் தலை சாய்த்தபடி இருந்தாய், தூங்குகிறாய் என்று நினைத்து கண்டக்டர் தோளைத் தட்டியிருக்கிறார். உன் போனில் கடைசியாகப் பேசினவன் நான் என்பதால் எனக்கு அடித்தார். "சார், இந்த போனுக்குச் சொந்தக்காரரு உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். பார்ட்னர் என்றேன்.

எல்லாவற்றையும் எடுத்துப்போட்டுச் செய்தேன். பந்தலுக்குச் சொன்னேன், ஐஸ் பெட்டிக்குச் சொன்னேன், வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன். என்னைக் கட்டிக்கொண்டு நிறைய பேர் அழுதார்கள். எனக்கு வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது. இன்னும் அப்படியேதான் இருக்கிறது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து உன் வீட்டுக்காரி போன் செய்தாள். "அண்ணே, ஒரு தடவ சிதம்பரம் வந்துட்டுப் போறீங்களா? வூடு விஷயமா பேசணும்." சீர்காழி ரோட்டு மனையில் நீ அஸ்திவாரத்துக்குக் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தாய். மழைக்கு முன்னால் பேஸ்மட்டமாவது எழுப்பவேண்டும், செங்கல் இறக்கவா வேண்டாமா என்று மேஸ்திரி கேட்டுக்கொண்டிருந்தார். மங்கலம்பேட்டையில் இருந்து அவள் அண்ணன் வந்திருந்தார். மனையை விற்றுவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு அங்கேயே வந்துவிடச் சொன்னார். நல்ல மனுஷன்தான், தங்கச்சியைத் தனியாக விட மனசு வரவில்லை. அவள் மட்டும் ஒரே பிடியாகச் சொன்னாள்: "அவரு என்ன வூடு போட்டாருன்னு எனக்கு ஒரு தடவையும் காட்டல. கேட்டா, முடிச்சுட்டு காட்றேன் முடிச்சுட்டு காட்றேன்னே சொன்னாரு. ஊருக்கெல்லாம் காட்னாரு. பாத்துட்டு சொல்றேன், கட்றதா விக்கிறதான்னு."

உன் லேப்டாப்பை எடுத்துவந்து வைத்தாள். நான் என் மவுஸை எடுத்துப்போகவில்லை. லேப்டாப்பின் டச்பேட் நீ டீயைக் கொட்டினதில் என்றோ செத்துவிட்டது. லேப்டாப் பையில் இருந்தது இந்த வெள்ளை மவுஸ்தான்.

கோப்பைத் திறந்தேன். வீடு வந்தது. போர்ட்டிகோவில் நீ நின்றாய்.

அந்தப் போட்டோ நான் எடுத்ததுதான். ஆபீஸ் சுவரோரம், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, நீல சட்டையில். "சிரிக்காதடா, கட்சி போஸ்டர் மாதிரி இருக்கு" என்று சொன்னேன், அதற்கு இன்னும் கொஞ்சம் சிரித்தாய். எந்த வீட்டுக்கு என்று நான் கேட்கவில்லை, மறந்தும் போனேன். அவள் அண்ணன் போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

சட்டென்று உன்னைத் தாண்டிப் போய்விடலாம் என்று நினைத்தேன். இரண்டு விரலைத் தடவி வீட்டைத் திருப்பினேன். நீயும் திரும்பினாய். அந்தப் பக்கம் போனேன், அங்கேயும் எங்களைத்தான் பார்த்தாய். தூண் இடையில் வந்தது, போனது, நீ நின்றாய். நேர் மேலே போய்ப் பார்த்தால் மட்டும் நீ ஒரு மெல்லிய கோடு. கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கலாம் என்று பார்த்தேன். ஆனால் வீடு தானாகவே சுருங்க ஆரம்பித்தது. தீப்பெட்டி அளவுக்கு ஆகி, புள்ளியாகி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, கைய எடுங்க" என்றாள்.

"எடுத்துட்டேம்மா."

"எடுக்கல அண்ணே. வெரலு மேலதான் இருக்கு."

குனிந்து பார்த்தேன். இருந்தது.

அவளே மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எப்படி என்று நான் ஒரு தரம்தான் சொன்னேன். நீ சுற்றின மாதிரியே அவளுக்கும் சுற்றியது. படியைப் பார்த்து, "இவ்ளோ ஒசரமா?" என்றாள். வெள்ளம் வந்த வருஷம் வாடகை வீட்டுக்குள் முழங்கால் தண்ணீரில் நீங்கள் கட்டிலின் மேல் உட்கார்ந்திருந்ததைச் சொல்லி, அதனால்தான் என்றேன். தலையை ஆட்டினாள். ஹாலுக்குள் போனாள். மகளுக்கு ஜன்னலோரம் மேஜை போட்டு, பக்கத்தில் மகளையே நிறுத்தியிருந்தாய். அதைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் இருந்து வரும் நேரமாகிவிட்டது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் சமையல்கட்டு. அடுப்புமேடைக்கு நேராக ஜன்னல் வைத்திருக்கிறாய், அங்கே நின்றால் வாசலில் யார் வருகிறார்கள் என்று தெரியும். அவளை ஏன் அந்த இடத்தில் நிறுத்தாமல் விட்டாய் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் பார்க்கிற இடம் அது. அங்கிருந்து பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே நீ, இடுப்பில் கையோடு, அவள் பக்கம் திரும்பி.

"ஏண்ணே, இவரு திரும்பவே மாட்டாரா?"

"அப்படித்தாம்மா செட் பண்ணி வெச்சிருக்கான். எங்க இருந்து பாத்தாலும் நம்மளத்தான் பாப்பான்."

அவள் விரலை எடுத்துவிட்டாள். எல்லாம் அப்படியே நின்றது. வெளியே யாரோ வண்டியைக் கிளப்பினார்கள். அவள் அண்ணன், "இதெல்லாம் எதுக்கும்மா, போதும், மூடிடு" என்றார்.

"அண்ணே, அவர எடுத்துட்டு ஒரு தடவ காட்டுங்க" என்றாள், என்னைப் பார்த்து.

எனக்குப் புரியாத மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"அவரு இல்லாம அந்த வூடு எப்படி இருக்கும்னுதான எனக்குத் தெரியணும். நான் அப்படித்தான அதுல இருக்கப்போறேன்."

மவுஸை வாங்கினேன். உன் மேல் வைத்து அழுத்தினேன், தூண் பிடிபட்டது. "தூணு இல்லண்ணே, அவரு" என்றாள். மறுபடி அழுத்தினேன், படி பிடிபட்டது. என் விரல் எங்கே படுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள். கடைசியில் உன்னைச் சுற்றி நீலக் கட்டம் விழுந்தது. கீபோர்டில் அழிக்கிற பொத்தானைத்தான் அழுத்தியிருக்கவேண்டும். நான் வெட்டி எடுக்கிற பொத்தானை அழுத்தினேன். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். போர்ட்டிகோவில் தரைக்கல் மட்டும் இருந்தது.

அவள் மறுபடி மவுஸை வாங்கிக்கொண்டு முதலில் இருந்து போனாள். வாசல், ஹால், மகளின் மேஜை, சமையல்கட்டு. இந்தத் தரம் மெதுவாக. ஜன்னலில் நின்று வெளியே பார்த்தாள், ரொம்ப நேரம். வெறும் வாசல். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் அண்ணனிடம் திரும்பினாள். "வெளிச்சம் நல்லா வருது. நான் இருந்துக்குவேன். செங்கல் எறக்கச் சொல்லு." மேஸ்திரிக்கு நான்தான் போன் போட்டேன்.

காபி போட அவள் உள்ளே போனபோது வேகமாக ஒரு புதுக் கோப்பைத் திறந்தேன். மூலையில் அந்த வெள்ளைக்காரன் நின்றான். அவனை அழித்துவிட்டு, வெட்டி எடுத்து வைத்திருந்த உன்னை அதே இடத்தில் ஒட்டினேன். இனி எப்போது புதுக் கோப்பு திறந்தாலும் இப்படியே திறக்கவேண்டும் என்று பதிந்துவைத்தேன். கிளம்பும்போது லேப்டாப்பையும் மவுஸையும் பையில் போட்டு அவளே கொடுத்தாள். "எனக்கு எதுக்குண்ணே இது, ஆபீஸ்லயே இருக்கட்டும்." உன்னை ஒட்டிவைத்ததை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒன்றும் நினைக்கமாட்டாள், ஆனாலும் சொல்லவில்லை.

உன் வீடு இப்போது ஜன்னலுக்கு மேலே, லிண்டல் வரைக்கும் வந்திருக்கிறது. மழைக்குத் தண்ணீர் படி ஏறவில்லை. போன வாரம் போயிருந்தேன். சமையல்கட்டு ஜன்னலுக்கு விட்ட இடத்தில் சிமெண்ட் மூட்டை அடுக்கிவைத்திருந்தார்கள், எடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். போர்ட்டிகோவில் நின்று பார்த்தேன். எனக்கு அப்போதும் ஒன்றும் வரவில்லை.

ஆபீஸுக்கு வருகிறவர்கள் திரையில் உன்னைப் பார்த்து, யார் சார் இவரு என்று கேட்கிறார்கள். அளவுக்கு நிற்கிறார் என்கிறேன். சரி என்று அவர்கள் வீட்டுக் கதையை ஆரம்பித்துவிடுகிறார்கள். வீட்டை முடித்துக் கொடுக்கும்போது உன்னை எடுத்துவிட்டு அவர்களை நிறுத்துகிறேன், நீ செய்தபடியே. என் ஒயர் மவுஸ் இழுப்பறைக்குள் இருக்கிறது. ஏன் இந்தச் சனியனோடு மல்லுக்கட்டுகிறாய் என்று நீ இருந்தால் கேட்பாய்.

சார்ஜ் ஏறிவிட்டது. மவுஸை நிமிர்த்தி வைத்துவிட்டேன். புவனகிரியில் இருந்து ஒருவர் பதினொரு மணிக்கு வருகிறார், மாடி எடுக்கவேண்டுமாம். புதுக் கோப்பு திறந்திருக்கிறது. வீடு இன்னும் இல்லை, வெறும் தரை, மூலையில் நீ. மவுஸ் மேல் இரண்டு விரலை வைக்கிறேன். பட்டதா, படவில்லையா, விரலுக்குத் தெரிவதில்லை. நீ என் பக்கம் திரும்பினால் பட்டிருக்கிறது.