ஆவடியிலிருந்து கிண்டிக்கு இரண்டு பஸ்

கோத்தகிரி
12.5.1994

அன்பு மகள் சுசீலாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் அண்ணன் பொன்ராஜும் அண்ணி அங்கம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அந்தக் கத்திரி வெயிலில் நீ சுகமாக இருக்கிறாயா என்பதுதான் எங்களுக்குக் கவலை. இங்கே கோடை மழை பெய்து தேயிலைக் கொழுந்து நன்றாக வந்திருக்கிறது, ஞாயிறு கூட எங்களுக்கு வேலை இருக்கிறது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டு பஸ் மாறி ஆபீஸ் போய்ச் சேர முடியவில்லை, மூன்று தடவை லேட்டாகி மெமோ கொடுத்துவிட்டார்கள், இன்னொரு தடவை என்றால் வேலையை நிரந்தரம் செய்ய மாட்டார்கள், அதற்குள் நானே வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து கொழுந்து பறிக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். முதலில் அழுதேன், பிறகு உன் மேல் கோபம் வந்தது. அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியாதா கண்ணு, போன மாதம் எட்டு நாள் உன்னோடு இருந்தேனே. பஸ்ஸில் பிடித்து நிற்கும் கம்பி கூடச் சுடுகிறது, ஒன்றரை மணி நேரம் போனாலும் அந்த ஊர் முடிய மாட்டேன் என்கிறது. நீ சாப்பாட்டு டப்பாவை மறந்துபோன அன்று நான் பின்னால் வந்த பஸ்ஸில் ஏறி, ஏனுங்க, எங்க சுசீலா தெனமும் இந்த வழியிலதான் போவா, பாத்துக் குடுத்துருங்க என்று கண்டக்டரிடம் நீட்டினேன். இது பஸ்ஸா போஸ்ட் ஆபீசா என்று அவர் கேட்க, பஸ்ஸே சிரித்தது. நம் ஊரில் மருந்தும் சாவியும் அப்படித்தானே வருகிறது, எனக்கென்ன தெரியும். சாயங்காலம் இதைச் சொன்னதும் மானம் போச்சு என்று நீயும் கோபித்துக்கொண்டாய். ஆனால் அந்தப் பஸ்ஸில்தான் ஒரு பூக்கார அம்மா எனக்கு வழி சொன்னார். ஆவடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனில் கிண்டிக்கு ஏற வேண்டுமாம், பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டாம். உன்னிடம் சொன்னேன், நடக்க வேண்டுமே என்றாய். நடந்தால் என்ன, தேயிலைச் சரிவில் ஏறி இறங்கிப் பள்ளிக்கூடம் போன பிள்ளைதானே நீ. காலை ஆறு மணிக்கே கிளம்பு. மோரில் உப்புப் போட்டு எடுத்துக்கொள். படியில் மட்டும் நிற்காதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மாதத்தோடு நான் ஓய்வு பெறுகிறேன், என் இடம் நம் வீட்டில் ஒருவருக்கு என்பது எஸ்டேட் வழக்கம். உன் கடிதத்தைப் படித்ததும் அப்பா, புள்ள அங்க கெடந்து வேக வேண்டாம் என்று ஆபீசில் உன் பெயரை எழுதிவிட்டு வந்தார். நேற்று நான் லீவு போட்டுப் போய் அதைக் கோடு போட்டு அடிக்கச் சொல்லி, அங்கம்மாவின் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அதிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை, பேசாவிட்டால் போகட்டும். இனி நீ இங்கே வந்தால் சோறு உண்டு, வேலை கிடையாது.

மாரியம்மன் உன்னைக் கைவிட மாட்டாள், நன்றாக இரு சாமி. திங்கட்கிழமையே ரயிலுக்கு சீசன் டிக்கெட் எடுத்துவிடு. ஊருக்கு வரத் தோன்றினால் தீபாவளிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வா.

உன் அம்மா,
மா. பாலாமணி