போதையில்லாத பீரு

தை 4, ஞாயிறு
கரும்புச் சக்கையை இன்றுதான் கூட்டித் தள்ளினேன். மதன்குமார் காலில் கட்டோடு கட்டிலில் கிடக்கிறான். மாட்டுப் பொங்கலன்று குடித்துவிட்டு வண்டியோடு கருவேல முள்ளுக்குள் விழுந்தான். எலும்பு தப்பியது.

அவனுக்குப் பேசி முடித்த பெண் ரேணுகாதேவி தன் அம்மாவோடு பார்க்க வந்தாள். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு என்னிடம்தான் சொன்னாள். "சத்தியமெல்லாம் வேணாம் அப்பத்தா. சத்தியம் எல்லாரும் பண்ணுவாக. பங்குனில கல்யாணம். அதுவரைக்கும் தொடாம இருந்து காட்டட்டும். தொட்டா கல்யாணம் வேணாம், அவ்வளவுதான்."

கட்டிலில் கிடந்தவன், "சரி, தொட மாட்டேன்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. ஜேசிபி ஓட்டிச் சம்பாதிக்கிற பிள்ளை, இந்தச் சுத்துப்பட்டில் என் பேரன் மாதிரி யாருக்கு இருக்கிறான் என்று கேட்க வாய் வந்தது. ஆனால் இவன் அப்பனை, என் மகனை, இந்தக் குடிக்குத்தானே கொடுத்தேன். கேட்கவில்லை.

தை 9, வெள்ளி
கட்டைப் பிரித்துவிட்டு வேலைக்குப் போகிறான். பகலெல்லாம் பாதகமில்லை. சாயங்காலம் புழுதியோடு வந்து குளித்து உட்கார்ந்ததும்தான் ஆள் தவிக்கிறான். மோர் கொடுத்தேன். "இத ஒரே மடக்குல குடிச்சுட்டு அப்பறம் என்ன செய்ய அப்பத்தா? கை சும்மா இருக்குல்ல" என்கிறான். பாளையம்பட்டியிலிருந்து பன்னீர் சோடா வாங்கி வந்து கொடுத்தால், இனிக்கிறதாம், சின்னப் பிள்ளைகள் குடிக்கிறதாம். இஞ்சி தட்டிப் போட்டுப் பார்த்தேன். தொண்டைக்கு மருந்து என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டான்.

எழுந்து ரோடு வரைக்கும் போனான். சாராயக்கடைக்குப் போய்விட்டானோ? இல்லை, வந்துவிட்டான். நான் பார்க்காதது மாதிரி பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தேன்.

தை 12, திங்கள்
பாவி, ஏமாற்றிவிட்டான். அழுக்குத் துணி எடுக்கப் பையைத் திறந்தால் உள்ளே டப்பாக்கள். அஞ்சாம் வகுப்புத்தான் என்றாலும் இங்கிலீசு எழுத்து எனக்கு மறக்கவில்லை. பி, ஈ, ஈ, ஆர். கூட்டி வாசிக்கத் தெரியாதா எனக்கு? அத்தனையையும் உடைத்து முருங்கை மூட்டில் ஊற்றினேன். நுரை பொங்கிப் பொங்கி வந்தது.

வந்து பார்த்துவிட்டு நின்றான். "அப்பத்தா, அது போதை இல்லாத பீரு."

"யாருகிட்டடா கதை விடுற? உப்பில்லாத உப்புன்னு ஒன்னு இருக்கா?"

"வீரசோழன் ஊருத் தமீம் அண்ணன் குடுத்தாக. அவுக வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுனேன்ல, அதுக்கு."

பாய்வீட்டில் பீர் கொடுத்தார்களாம். பொய் சொல்லுகிறதையாவது பொருத்தமாகச் சொல்லக் கூடாதா?

சாப்பிடாமல் படுத்துவிட்டான். நானும்தான்.

தை 13, செவ்வாய்
அவனே சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

தை 14, புதன்
வீரசோழன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டேன். கேட்டுவிட்டு வந்தால்தான் எனக்கு ஆறும். தமீம் அன்சாரி வெளிநாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறான். ஆள் இல்லை, அவன் அம்மா மீரான் பீவிதான் இருந்தாள். என் வயசு இருக்கும். என் பேரனுக்குப் பீர் கொடுத்தது இந்தக் கடைதானா என்று கேட்டேன். சத்தம் கொஞ்சம் கூடத்தான் வந்துவிட்டது.

அவள் எழுந்தாள். ஐஸ்பெட்டியைத் திறந்து அதே டப்பாவை எடுத்து, இரண்டு கிளாசில் ஊற்றி, ஒன்றைத் தான் குடித்தாள். முக்காடு போட்ட பொம்பளை, நான் பார்க்கப் பார்க்கக் குடிக்கிறாள்.

"போதை உள்ளது எங்களுக்கு ஹராம். அந்தச் சாமான் இந்த வீட்டு வாசப்படி ஏறுமா? இது வாக்கோதும, பார்லித் தண்ணி. எம் மகன் சவுதில இருந்தப்ப பழகுனது. நோம்பு தொறந்துட்டு நாங்களே குடிப்போம். நீ குடி புள்ள."

டாக்டர் சொன்னால்கூடச் சந்தேகப்பட்டிருப்பேன். மீரான் பீவி குடிப்பதைப் பார்த்த பிறகு என்ன சந்தேகம்?

குடித்தேன். புளித்த கம்பங்கூழில் வேப்பம்பூவைப் போட்டது மாதிரி இருந்தது. மோசமில்லை.

அதற்குள் வந்த தமீம், டப்பாவில் சைபருக்குப் பக்கத்தில் புள்ளி வைத்து இன்னொரு சைபர் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னான். "அஞ்சுன்னு போட்டிருந்தா வாங்காதீக பெரியம்மா. அதுல துளி போதை இருக்கும். எங்க கடையில அது கெடையாது."

ஒரு பை நிறைய வாங்கி வந்து மதன் முன்னால் வைத்தேன். அவன் என்னைப் பார்த்தான், பையைப் பார்த்தான். "முருங்கைக்கா அப்பத்தா?" என்றான். சிரித்துத் தொலைத்துவிட்டேன்.

தை 20, செவ்வாய்
இதிலும் பல தினுசு. ஆப்பிள் வாசனை போட்டது இருமல் மருந்தேதான். எலுமிச்சை வாசனை பரவாயில்லை, ஆனால் இனிப்பு. வாசனை ஒன்றும் போடாத வெறும் கசப்புத்தான் அவனுக்குப் பிடிக்கிறது. கிளாசையும் ஐஸ்பெட்டியில் வைத்து எடுக்க வேண்டுமாம். வறுத்த கடலையில் மிளகாய்த்தூள் போட்டுப் பக்கத்தில் வைக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, போனில் ரேணுகாவோடு பேசி, சாப்பிட்டுப் படுத்துவிடுகிறான்.

எல்லா நாளும் இப்படி என்று சொல்ல மாட்டேன். நேற்று அரை டப்பாவிலேயே, "இது அது இல்ல அப்பத்தா" என்று வைத்துவிட்டான். ஆனாலும் ரோட்டுக்குப் போகவில்லை.

தை 27, செவ்வாய்
இதை எப்படி மறந்தேன்? சிவராத்திரி வருகிறது. எங்கள் குலசாமி இருளப்பசாமிக்குப் படைக்கிற சாராயத்தில் முதல் மடக்கு எங்கள் வகையறாவில் தலைப்பிள்ளைக்கு. மகன் போன பிறகு அது மதனுக்குத்தான். வேண்டாமென்றால் சாமி குத்தம். குடித்தால் கல்யாணம் இல்லை.

டப்பாவில் இருப்பதைச் சாராயப் பாட்டிலில் மாற்றி வைத்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. சீ, சாமியையா ஏமாற்றுவது? கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

சாமியாடி என் கொழுந்தன் வீரபாண்டிதான். சாராயத்துக்குப் பதில் டப்பாவைப் படைக்கலாமா என்று போய்க் கேட்டேன். "என்னைக் கேட்டா எனக்கென்ன தெரியும் மதினி? நானா குடிக்கிறேன்? அவரு எறங்கி வந்து என்ன கேப்பாரோ. ரெண்டையும் வச்சுப் பாருங்க" என்கிறான்.

மதனிடம் சொன்னேன். "நானே கேட்டுக்கிறேன்" என்றான்.

மாசி 2, சனி
நாளை சிவராத்திரி, நாளன்றைக்குப் படையல்; சாராயத்தையும் டப்பாவையும் ஒரே பையில் எடுத்து வைத்தேன்.

மாசி 4, திங்கள்
இன்று பகலில் படையல். சாராயப் பாட்டிலுக்குப் பக்கத்தில் மதன் தன் கையாலேயே டப்பாவை வைத்தான். அவன் பங்காளி மருதுபாண்டி விடுவானா? "ஏலே, சாமிக்கே டூப்பு சரக்கா?" சனமெல்லாம் சிரித்தது.

சாமி இறங்கி வந்தது. சாராயத்தை எடுத்து எல்லையைச் சுற்றி ஊற்றிவிட்டு, மிச்சத்தை மதனிடம் நீட்டியது. அவன் கை நீட்டவில்லை.

"ஏன்டா?"

"குடிக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன் சாமி."

"எனக்கா குடுத்த?"

"கட்டிக்கப் போற பொண்ணுக்கு."

மேளக்காரர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள். சாமி குனிந்து டப்பாவை எடுத்து உடைத்து ஒரு மடக்குக் குடித்தது. மீசையெல்லாம் நுரை. மூஞ்சி கோணிப்போனது.

"கசக்குதுடா."

"ஆமா சாமி."

"கசந்தா போதும். அவளுக்குக் குடுத்த வாக்க எங்கிட்ட வந்து ஒடைக்கலாம்னு பாக்காத. இந்தா, குடி."

வாங்கிக் குடித்தான். அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

சாயங்காலம் ரேணுகா போன் பண்ணினாள். "குடிச்சாகளா அப்பத்தா?"

"குடிச்சான்மா. பீரு."

"பீரா?" என்று கத்தினாள். அய்யோ, பிள்ளையைப் பதற வைத்துவிட்டேனே என்று அவசர அவசரமாக எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்து முடிக்க ரொம்ப நேரம் ஆனது. சிரிப்புக்கு நடுவில் மூக்கை உறிஞ்சினாள். அழுதாளோ என்னவோ, நான் கேட்கவில்லை.

மாசி 24, ஞாயிறு
பத்திரிகை அடித்து வந்துவிட்டது. மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன். மதன் தமீம் வீட்டுக்குப் பத்திரிகை வைக்கக் கிளம்பினான். வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "டப்பா எத்தன அப்பத்தா?" என்று கேட்டான்.

"எங்கிட்ட ஏன்டா கேக்குற? ஒனக்கு எத்தன வேணுமோ வாங்கு."

"எனக்கு எதுக்கு? நான் குடிச்சே ஒரு வாரமாச்சு. ஒனக்குத்தான் கேக்குறேன்."

வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கிறது. ஆறு வாங்கி வரச் சொன்னேன்.