ஒரே கோடு

வெள்ளிக்கிழமை.

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மைதானத்தில் கோடு போட்டது உயர்தர வகுப்பில் உடற்கல்வி படிக்கும் நாங்கள்தான். வளைவில் வெளிப்பக்கம் ஓடுகிறவளுக்குத் தூரம் கூடும். அதனால் அவளைச் சற்று முன்னால் நிறுத்த வேண்டும். நாடா பிடித்து அளந்து, சுண்ணாம்பு போட்டு, முழங்கால்வரை வெள்ளையாகிப் போனோம்.

இன்று வெளிப்பக்கம் எனக்கு. ஓட்டம் தொடங்கும் நேரத்தில் பாடசாலை அதிபர் மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

"இவ மட்டும் ஏன் முன்னுக்கு நிக்கிறா? தாய் தகப்பன்மார் பாக்குறாங்க, அநியாயம் பண்ணாதீங்க. எல்லாரும் ஒரே கோட்டுல நில்லுங்க!"

நான் உடற்கல்வி சேரைப் பார்த்தேன். இதைக் கரும்பலகையில் படம் போட்டுக் கற்றுத் தந்தவரே அவர்தான். தலையைக் குனிந்தபடி விசிலை ஊதினார். மற்ற எல்லாரையும்விடக் கூடுதல் தூரம் ஓடி, கடைசியாக வந்தேன்.

வீடு திரும்ப கலஹா பஸ்ஸுக்கு நான் நிற்கும்போது சேர் பக்கத்தில் வந்தார்.

"அதிபர்கிட்ட எப்படிம்மா சொல்றது? நீ சோதனையில சரியா எழுதிடு."

எழுதுவேன் சேர். படமும் போடுவேன். நீங்களும் சிவப்புப் பேனையால் பெரிதாகச் சரி போடுவீர்கள். அங்கே அதிபர் இருக்க மாட்டாரே.