பொயிலர் பற்றிய பிறகு

தை மாதம், செவ்வாய் இரவு. பிரெடெரிசியா நகரம், கடுங்குளிர்.

வீட்டுக்குச் சுடுதண்ணீர் தரும் பொயிலர் பற்றவில்லை. பொறி தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. என் மனைவி சாந்தி செத்த பிறகு இதுதான் முதல் தடவை.

முன்பெல்லாம் அது பற்றாவிட்டால் நான் நிலவறையில் நின்று, திரும்பப் பற்றவைக்கும் ரீசெட் பொத்தானை அழுத்துவேன். அவள் மேலே குளியலறையில் குழாய்க்கடியில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள்.

"இஞ்சரப்பா, சுடுதண்ணி வந்திட்டுது! மேல வாங்கோ!"

"கத்தாதையும், பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்" என்று எரிந்து விழுவேன்.

இன்று திருத்த வந்தவன் பொறி முனையில் படிந்த கரியைத் துடைத்துவிட்டு என்னை அழுத்தச் சொன்னான். பற்றிவிட்டது. சின்னக் கண்ணாடிக்குள் நீலச் சுடர் தெரிந்தது. கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் போய்விட்டான்.

குளியலறைக் குழாயை நானே திறந்துவிட்டு வந்திருந்தேன். மேலே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கால் விறைக்கும்வரை கீழேயே நின்றேன்.

மேலே வரச்சொல்லி ஒருவரும் கத்தவில்லை.